வரம்பும் முள்ளுக்கம்பியும்

சுண்டலண்ணை,

இன்று அம்மா தான் வீட்டுவேலை செய்யும் இத்தாலியப் பெண்மணி, சின்னோராவின் வீட்டிலிருந்து ஒரு கட்டு ருக்கோலா இலை கொண்டுவந்து குசினித் தொட்டிக்குள் போட்டார். வறை வறுப்பதா, பருப்புக்குள் போடுவதா என்று அவர் யோசித்துக்கொண்டு நிற்க, நான் ஒரு இலையைப் பச்சையாகவே கடித்தேன். அந்தக் காரமும் மணமும் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீங்கள் வந்து எங்கள் மேசையில் இருந்துவிட்டீர்கள்.

சமைக்காத இலையைச் சோற்றோடு கடித்துத் தின்னும் மனிதரை பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. முன்னறைக்கு நீங்கள் வாடகைக்கு வந்த முதற்கிழமையே அப்பா என்னிடம் கேட்டார்.

“உந்த மனுசன் என்ன, ஆடோ?”

“ஓமப்பா. கட்டிறதுக்கு ஒரு கயிறு வாங்கட்டோ?”

நீங்கள் ஒன்றும் விளங்காமல் “ஓம், ஓம்” என்று தலையாட்டினீர்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். கப்பலில் வேலைசெய்து, பலெர்மோத் துறைமுகத்தில் இறங்கி, திரும்பி ஏறாத ஆள் நீங்கள். அப்பாவோடு நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களுக்கு மந்தரின் தோடம்பழம் பறிக்கப் போனீர்கள். ஜாவாத் தீவின் மேற்குப் பக்கத்தில், சுண்டா மக்களின் கமக்காரக் கிராமம் ஒன்று உங்கள் ஊர். சுண்டா என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் சுண்டல் ஆக்கிவிட்டேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மாவிடம் சோறு கேட்பதற்கு மரியாதையான சொல் “எடியே” என்று உங்களுக்குப் படிப்பித்ததும் நான்தான். அம்மா அகப்பையோடு துரத்தியது உங்களை அல்ல, என்னை. மறுநாள் நீங்கள் ஒரு கீரை இலையை அழகாகச் சுருட்டி எனக்கு ஊட்டினீர்கள். உள்ளே பச்சை மிளகாய். நான் குழாயடியில் வாயைத் திறந்தபடி நிற்க, பக்கத்தில் வந்து குனிந்து கேட்டீர்கள்: “எடியே, தண்ணி வேணுமோ?”

வயலைப் பற்றிய கதை என்றால் மட்டும் உங்களிடம் பகிடி இராது. கோப்பையிலிருக்கும் சோற்றை அணைத்துப் படிகள் கட்டிக் காட்டுவீர்கள். மலைச்சரிவில் படிபடியாக வயல்கள். மேல்வயல் உங்கள் தமையனுடையது, அதற்குக் கீழே உங்களுடையது; தகப்பன் செத்தபிறகு பிரிந்த பங்கு. ஊற்றுத் தண்ணீர் முதலில் தமையனின் வயலை நிறைத்து, வரம்பில் வெட்டிய வாயால் உங்கள் வயலுக்கு இறங்கும். நீங்கள் இல்லாத காலத்தில் இரண்டையும் அவரே உழுதார். உங்கள் வயலின் விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி உங்கள் மனைவிக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது. எல்லைக்கு மூலையில் சிவப்பு இலைச் செடி ஒன்று நிற்கும், அவ்வளவுதான்.

அந்த ஊரில் இனி என்ன மிஞ்சும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை வயல் துண்டுபட்டு, “என்ரை மோளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடந்தான் வரும்” என்றீர்கள். நிலமற்றவர்கள் அடுத்தவன் வயலை அரைப்பங்குக்கு உழுதார்கள், இல்லையென்றால் பண்டுங் பக்கத்துத் துணி ஆலைகளுக்குப் போனார்கள். அந்த நகரத்திலிருந்து காரில் வருகிறவர்கள், குளிர்காற்றில் வீடு கட்டச் சரிவுகளை விலைக்குக் கேட்டுத் திரிந்தார்கள். பக்கத்துத் துண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பிப்போய்க் கமம் செய்யவேண்டும். வேறு ஆசை ஒன்றும் உங்களுக்கு இருந்ததாக நான் அறியேன்.

அப்பாவுக்குத்தான் இதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலி இல்லாத காணி காணியே அல்ல. வருஷா வருஷம் வேலி அடைக்கும் சாட்டில் வேலிக் கதியால் தடியை ஒரு சாண் அங்கால் அரக்குகிறவர்களும் உண்டு. அந்த ஒரு சாணுக்காகக் கோடேறி வழக்காடியே நரைத்தவர்களும் உண்டு.

“வேலி இல்லையோ?”

“இல்லை, அண்ணை.”

“உறுதி?”

“அது என்ன?”

“எட, காணி உன்ரை எண்டதுக்கு எழுத்தடா!”

“தமையனுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும்.”

“ஊருக்குத் தெரியுமாம்! நாளைக்குக் கார்க்காரன் வந்து கொண்ணனிட்டை வாங்கினால் உன்ரை துண்டும் சேர்ந்து போகும். முள்ளுக்கம்பி அடிக்கச் சொல்லு. நான் சொல்லுறன், கேள்.”

அப்பா எழுந்துபோய்ச் சூட்கேசைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய எங்கள் காணி உறுதியைக் கொண்டுவந்து உங்கள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். “இது இருக்கு மட்டும் என்ரை காணியை ஒருத்தரும் அசைக்கேலாது.”

“ஓமப்பா. ஆமிக்காரன் மட்டும் அதுக்குள்ளை பங்கர் வெட்டிப்போட்டு இருக்கிறான்” என்றேன்.

தலையில் குட்டு விழுந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. உறுதியிலிருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காணியை இழந்த மனிதரின் பயம் அந்த மேசையில்தான் உங்களுக்குத் தொற்றியது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தடி டெலிபோன் கடைக்கு உங்களோடு நானும் வந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, கம்பி அடிக்கச் சொல்லித் தமையனோடு நெடுநேரம் கதைத்தீர்கள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தீர்கள்.

“என்னவாம்?”

“நான் உனக்கு என்ன பிழை செய்தனான் எண்டு கேக்கிறார்.”

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் சொன்னீர்கள். உங்கள் ஊரில் வயலுக்கு யாரும் கம்பி அடிப்பதில்லை. கூடப்பிறந்தவர்களுக்கு நடுவே கம்பி அடிக்கச் சொன்னால், உறவை அறுத்துவிட்டு உன் பங்கை வெளியாருக்கு விற்கப்போகிறாய் என்றுதான் பொருள். அப்பாவிடம் இதை நீங்கள் சொல்லவில்லை. மூத்தவரை மறுத்துக் கதைக்க உங்களுக்கு வராது.

தமையன் கம்பி அடித்தார். சொன்னபடி, நூல் பிடித்தாற்போல் அடித்தாராம். அதன்பிறகு உங்கள் வயலுக்குள் அவர் கால் வைக்கவில்லை. தம்பி விற்க முந்தி நான் விற்கிறேன் என்று, மேல்வயலைக் கார்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் சுற்றி மதில் எழுப்பி, ஊற்றைத் தன் மீன்குளத்துக்குத் திருப்பினார். கீழே உங்கள் வயல் முள்ளுக்கம்பிக்குள் பத்திரமாகக் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

“நான் போறன், அண்ணை” என்று அப்பாவிடம் சொன்னீர்கள். “தமையன்ரை காலிலை விழுந்து, ஊர்ப் பெரியாக்களைக் கூப்பிட்டால், தண்ணிக்கு ஒரு வழி விடுவினம்.”

பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் காத்திருந்த காலம் அது. அந்தத் தாள் கைக்கு வரமுன் இத்தாலியை விட்டுப் போனால் திரும்பி நுழைய முடியாது.

“பேப்பர் வரட்டும். வந்தால் போயிட்டு வரலாம். அவசரப்படாதை” என்றார் அப்பா. அதையும் கேட்டீர்கள்.

தொண்ணூற்றேழு மாசி. சியாகுல்லியில் பிந்திப் பழுக்கும் மந்தரினைப் பறிக்கும் காலம். மழையில் நனைந்து, இருமிக்கொண்டே வேலைக்குப் போனீர்கள். அம்மா மல்லி அவித்துத் தந்தார். ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னால், பேப்பர் இல்லாத ஆளைப் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தீர்கள்.

“அனுப்பினால் நல்லதுதானே அண்ணை, டிக்கெட் சும்மா!” என்றேன்.

அதற்குச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, நிற்கவே இல்லை. அப்பாவும் நானும் உங்களைத் தாங்கிக்கொண்டு போனோம். நெஞ்சின் இரண்டு பக்கமும் சளி கட்டிவிட்டது என்றார்கள். அந்தக் கிழமை முடியமுன் நீங்கள் முடிந்துபோனீர்கள்.

உங்கள் கப்பல் கூட்டாளி ஒருவர் நாப்போலியிலிருந்து வந்து உங்கள் மனைவியோடு டெலிபோனில் கதைத்தார். உடலை அனுப்பி வைக்கிறோம், எப்பாடு பட்டாவது அனுப்புகிறோம் என்று அப்பா சொல்லச்சொன்னார். அங்கிருந்து வந்த பதிலை அந்த மனிதர் நிலத்தைப் பார்த்தபடி இத்தாலியனில் சொன்னார். உங்கள் குடும்பத்தாரை அடக்கம் செய்யும் இடம் மேல்வயலின் ஓரத்தில்தானாம். இப்போது அது மதிலுக்குள். பழைய கல்லறைகளைத் தொடமாட்டாராம் வாங்கியவர். புதிதாக ஒன்றும் கூடாதாம். “அங்கேயே வைத்துவிடுங்கள்” என்று உங்கள் மனைவி அழுதாராம். பள்ளிவாசலிலிருந்து துனீசியாக்காரர்கள் வந்து உங்கள் இஸ்லாமிய முறைப்படி தொழுது அடக்கினார்கள். அப்பா கடைசி ஆளாக நின்று, தனக்கு விளங்காத சிங்களத்தைக் கேட்பதுபோல அந்தத் தொழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை சில சொற்கள்தான். ‘சாய்’ என்றால் தண்ணீர். ‘ஆயா’ என்றால் இருக்கிறது. மாதம் ஒருமுறை அப்பா என்னை டெலிபோன் கடைக்குக் கூட்டிப்போகிறார். அவர் கதைப்பதில்லை, கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். மறுமுனையில் உங்கள் மகளின் குரல் வரும்.

“சாய் ஆயா?” என்று கேட்பேன்.

இல்லை என்பாள். ஒவ்வொரு மாதமும் இல்லை என்றுதான் சொல்கிறாள். போன மாதம், தாயும் ஆலை வேலைக்குப் போய்விட்டார் என்பதையும் எப்படியோ விளங்கப்படுத்தினாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவேன்.

“என்னவாம்?”

“பெரியாக்கள் கதைக்கினமாம், அப்பா. தண்ணி வருமாம்.”

அப்பா தலையாட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொள்வார். என் பொய்களை வகுப்பில் ஒரு குருவிகூட நம்பாது, அண்ணை. போன மாதமும் இதைத்தானே சொன்னாய் என்று அவர் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.