அடையாள அட்டையில் இருக்கிற பிள்ளை

தர்மினி,

புட்டு, பருப்பு, இரண்டு அவிச்ச முட்டை மேசையிலை மூடி வைச்சிருக்கிறன். வெள்ளரிக்காய் முழுக்க நான் கந்தோர் வேலைக்குக் கொண்டு போறன், தேடாதை.

நாலடி பத்தங்குலப் பிள்ளை மெலிஞ்சால்தான் மேடையிலை உயரமாத் தெரியும் எண்டு உன்ர டான்ஸ் டீச்சர் சொன்னா. நேற்று செக்பொயின்ரிலை பொலிஸ்காரி உன்ர அடையாள அட்டையைப் பாத்து, "அக்காவின்ரயோ?" எண்டு கேட்டு ஒரு மணித்தியாலம் மறிச்சு வைச்சாளே, அப்ப டீச்சரோ வந்து பிணை நிண்டவ? அரைமண்டியிலை உன்ர கால் நடுங்கிறது பக்தியிலை இல்லை, பசியிலை.

றோட்டிலை வைச்சு நான் கத்தினது பிழைதான்.

வெளியிலை போனால் கதவைப் பூட்டித் திறப்பைக் கீழ்வீட்டிலை குடு.

அம்மா

பி.கு: சாப்பாடு, அட்டையிலை கன்னத்தோடை இருக்கிற பிள்ளைக்குச் சமைச்சது. அவளைக் கண்டால் சாப்பிடச் சொல்லு.