அம்மாதான், வருதா?

என் செல்ல வாலுக்கு,

அம்மாவின் முத்தங்கள். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை, அதை விடு. உன் சளி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்தால் மனசு ஆறும். தையல் கம்பெனியில் புதிதாக ஆறு மெஷின் இறக்கியிருக்கிறார்கள், பழுதுபார்க்க நான் ஒருத்திதான், இடுப்பு ஒடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் கேட்டாயாம், அம்மா எதுக்கு மூணு தடவை 'அம்மாதான், வருதா?'ன்னு அனுப்பியிருக்கான்னு. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே வரலை, அம்மா என் இணையப் பக்கத்தைத் திறந்துகூடப் பாக்க மாட்டான்னு நினைச்சேன்ப்பா என்றும் சொன்னாயாம். நான் பக்கத்தில்தான் நின்றேன், போனை வாங்கினால் அழுதுவிடுவேன் என்று வாங்கவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

இருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தத் தொழில் செய்யப் போகிறேன் என்று நீ பெட்டியோடு வாசலில் நின்ற அன்று, அத்தனை பேர் முன்னால், நீ போய் என்னத்தைக் கிழிக்கப் போற என்று கேட்டுவிட்டேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. எந்த வேலையை ஏளனம் செய்தேனோ அதன் வாசலிலேயே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். உன் தொழிலுக்காக நீ உருவாக்கிய இணையப் பக்கத்தில் 'எனக்கு எழுதுங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் எழுதினேன், நாலு மாதத்தில் ஒன்பது தடவை. பொத்தானை அமுக்கியதும் கட்டம் காலியாகும், போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். நீயோ வாரா வாரம் போனில் சாப்பிட்டியாம்மா என்பதோடு நிறுத்திக்கொள்வாய். படித்துவிட்டும் வாயைத் திறக்கிறாளா பார், அழுத்தக்காரி, என்னைப் போலவே என்று நானும் இருந்துவிட்டேன்.

போன வாரம் கம்பெனிக் கணினியில் வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கு உன் பக்கத்தைக் காட்டினேன், ஊரெல்லாம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் ஒரு வணக்கம் எழுதி அனுப்பினாள், உடனே 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று பச்சையில் ஒரு வரி வந்தது. அந்த வரியை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து நம் கணினியை, தையல் மெஷினைப் பார்ப்பது போலவே பார்த்தேன். ஒரே நூல் பக்கத்து மெஷினில் ஓடி இதில் மட்டும் அறுந்தால் நூலைத் திட்டக் கூடாது. அப்பா செய்தி படிக்கிற பிரவுசரில் 'அம்மாதான், வருதா?' என்று அனுப்பினேன், பச்சை வரி வந்தது. ஆகவே நெட்டில் குறையில்லை. என் பிரவுசரில் அனுப்பினால் கட்டம் காலி, வரி இல்லை. அதில் சேர்ந்திருந்த பழைய குப்பையெல்லாம் அழித்தேன், அப்போதும் இல்லை. அதிலேயே மறைவு ஜன்னல் ஒன்று உண்டே, நாம் கூடுதலாக மாட்டியது எதுவும் அதில் வேலை செய்யாதாம், அதில் அனுப்பினேன், வந்தது. அப்படியானால் மாட்டியதில்தான் கோளாறு. மாட்டியிருந்தது ஒன்றே ஒன்று, கண்ட விளம்பரத்தையும் அமுக்கி ஏமாந்துடாதம்மா என்று கிளம்புகிற அன்று காலையில் நீயே உட்கார்ந்து போட்டுவிட்ட தடுப்பான். உன் பக்கம் கடிதத்தை வேறொரு முகவரிக்கு அனுப்புகிறதாம், அதை உளவு என்று நினைத்துத் தடுத்திருக்கிறது. அதை அணைத்துவிட்டு அனுப்பினேன், மூன்றாவது தடவையாகப் பச்சை வரி வந்தது. நீ என்மேல் வைத்த அக்கறைதானடி என் ஒன்பது கடிதத்தையும் மறித்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

தடுப்பானைக் கழற்றவில்லை, நீ போட்டது இருக்கட்டும், உன் பக்கத்துக்கு மட்டும் வழிவிடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கடிதம் போகாதபோது கட்டத்தைக் காலி செய்யாதே கண்ணு, போகவில்லை என்று ஒரு வரி சொல். உனக்கு வேலை கொடுக்க எழுதியவர்கள் எத்தனை பேர் பதில் வரவில்லை என்று போனார்களோ.

அந்த ஒன்பதிலும் இருந்தது ஒன்றுதான். நான் சொன்னது தப்பு. நீ இல்லாத வீட்டை நினைத்துப் பயந்து சொன்னேன். உன் வேலை நல்ல வேலை. என்னை மன்னித்துவிடு.

நன்றாக இரு, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இது கைக்கு வந்ததும் போன் செய்து, வந்துடுச்சும்மா என்று நீயே உன் வாயால் சொல். நான் போனை வாங்குகிறேன், அழுதாலும் பரவாயில்லை.

உன்
அம்மா