யாரும் அனுப்பாத ஆட்டோ

நைனா,

தி.நகரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடை வாசலில் ஒருவர் இன்று தள்ளுபடி பற்றிக் கத்துவதற்கு முன் மைக்கை இரண்டு முறை ஊதிப் பார்த்தார். மடித்துக்கொண்டிருந்த புடவை என் கையில் அப்படியே நின்றது.

நீயும் அப்படித்தான் ஊதுவாய். கட்சிக் கூட்டமோ கொசு மருந்தோ, உன் ஆட்டோவில்தான் மைக் கட்டுவார்கள். "இன்னா பாப்பா, ஒரு வாட்டி அலோ சொல்லேன்" என்று என்னிடம் நீட்டுவாய். நான் அம்மாவின் பின்னால் ஒளிவேன். "மைக்க முழுங்குனாலும் இவளுக்கு சவுண்டு வராது" என்று சிரிப்பாய்.

போன வருஷ மழையில், அன்று சாயங்காலம் அடையாற்று வெள்ளம் நம் தெருமுனைக்கு ஏறிவிட்டது. ஏரியைத் திறக்கிறார்கள் என்று ஒரே பேச்சு. நீ வார்டு ஆபீசுக்குப் போன் போட்டாய். "மேலருந்து ஆர்டர் வரல. நீயா மைக்கப் போட்டு பீதி கெளப்பாத" என்றது போன்.

"தண்ணி இன்னா ஆர்டர் கேட்டுக்கினா வருது?" என்று சொல்லி, எங்களைப் பள்ளிக்கூட மாடியில் விட்டுவிட்டு ஆட்டோவைத் திருப்பினாய்.

மாடியில் உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அல்லாரும் மேட்டுக்குப் போங்க! துணிமணிய வுட்டுட்டு ஓடுங்க!" கடைசிச் சந்தில் அது பாதியில் நின்றது. முதலில் ஆட்டோ கிடைத்தது. பிறகுதான் நீ.

பள்ளிக்கூடம் திறந்தபோது நான் போகவில்லை. கடைக்குப் போனேன்.

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த வெள்ளம் பற்றி விசாரணை நடந்தது. "ஆட்டோ மூலம் முன்கூட்டியே எச்சரித்தோம்" என்றார் ஓர் அதிகாரி. விசாரிக்க வந்த ஜட்ஜம்மா எங்களைப் பார்த்து, "ஆட்டோ வந்ததா?" என்று கேட்டார். நம் தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். பொய்யில்லை, வந்ததுதானே. நீ கத்தியதால்தான் தலையாட்ட அவர்கள் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அந்தத் தலையாட்டலில் நீ அதிகாரிகள் அனுப்பிய ஆளாகிவிட்டாய்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு முறை ஊதினேன்.

"அது எங்க நைனா. யாரும் அனுப்பல. வார்டு ஆபீசுல மைக்கப் போடாதன்னுதான் சொன்னாங்க. அவரு போன் பேசறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஆர்டர் தராதது யார்?" என்று ஜட்ஜம்மா கேட்டார். அதற்குப் பதில் அடுத்த விசாரணையில் என்றார் அந்த அதிகாரி. அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகாம்.

ஆறு அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்த வருஷமாவது ஆர்டர் வருமா, தெரியாது. நான் காத்திருக்க மாட்டேன். தண்ணீர் ஏறினால் தெருத்தெருவாகக் கத்துவேன். மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கு சவுண்டு வருது, நைனா.