அப்பாவை அறிமுகப்படுத்தினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

லோவெல் எழுதுகிறேன். முதுகுவலி தேவலையா? மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நான் நலம், சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

கல்லூரியில் நான் சேர்ந்திருக்கும் மாணவர் சகோதர சங்கத்தில் புதியவர்களுக்குப் பாடம் நடக்கிறது. சங்கத்தைத் தொடங்கியவர்களின் வரலாற்றை ஒப்பிக்கிறோம். விருந்தில் முள்கரண்டி பிடிக்கப் பழகுகிறோம். நேற்று, பெற்றோரை விருந்தினருக்கு அறிமுகப்படுத்தும் முறையைச் சொல்லித் தந்தார்கள். மூத்த மாணவன் கிரஹாம் விருந்தினராக நடித்தான். என் முறை வந்ததும் அப்பா பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, "இவர் என் அப்பா, எம்மெட் ஸ்கோக்லண்ட். சர்க்கரை ஆலைக்கு லாரி ஓட்டுறார்" என்றேன்.

கிரஹாம் வெறும் காற்றில் கையை நீட்டி, "ரொம்ப சந்தோஷம் சார். பெற்றோர் தினத்துக்கு வந்துருவீங்கல்ல?" என்றான்.

"வரமாட்டார். மார்ச்ல இறந்துட்டார்" என்றேன்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. "இதுக்கு என்ன சொல்லணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலடா" என்றான். பிறகு சாப்பாட்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அழவில்லை, கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அப்பாவின் பழுப்பு டையும் வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம்.

கீழே கூப்பிடுகிறார்கள், ஓட வேண்டும். அப்பா போன பிறகு வீட்டில் நாம் இருவருமே அவர் பெயரைச் சொன்னதில்லை, அம்மா. பதில் எழுதும்போது ஒரு இடத்திலாவது எழுதுங்கள்.

உங்கள் மகன்,
லோவெல்