என் வலது கண்ணை யாரிடம் கொடுப்பது

மார்ச் 4, செவ்வாய்

ஹாதோங்கிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், மருமகளோடும் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடும். விழித்திரை கழன்றிருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதும் மருமகள் நேராக என்னிடம் வந்து, "டாக்டர் எங்க படிச்சவரு?" என்றாள். மாமியாருக்குப் பார்வை வருமா என்று கேட்கவில்லை. எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எனக்குச் சம்பளமே அதற்குத்தான். ஆலோசனை மேனேஜர் என்று சட்டையில் பட்டை குத்தியிருக்கிறேன். செய்வதென்னவோ டாக்டர்களின் ஜாதகம் வாசிப்பது.

எங்களிடம் விழித்திரைக்கு மூன்று பேர். டாக்டர் பியோ: சியோலில் பெரிய ஆஸ்பத்திரி, அமெரிக்காவில் ஒரு வருடம், இன்னும் என்னென்னவோ. சுவரில் அவர் பலகையில் இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கினேன். பெரிய டாக்டர் பாங்: இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். பூசானில் படிப்பு, பிறகு ராணுவ ஆஸ்பத்திரி, ஜப்பானில் பயிற்சி. எங்கள் ஊர் ஜின்ஜுவில் பாதிப் பேருக்குக் கண் டாக்டர் என்றாலே அவர்தான். போன வசந்தத்தில் வந்தவர் டாக்டர் சொனு. கொஜேயில் கப்பல் கட்டும் தளத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. இரும்புத் துண்டு பாய்ந்து கிழிந்த கண்களைச் சரிசெய்தே கை பழகியவர். பலகையில் நாலே வரி. இன்னும் ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்டேன். "செஞ்சது அவ்ளோதாங்க" என்றார்.

இன்று அவருக்குத்தான் முறை. மருமகள் முகத்தைச் சுளித்தாள். "சின்னப் பொண்ணா இருக்காங்களே. பெரிய டாக்டரே செய்யக் கூடாதா?"

"பெரிய டாக்டருக்கு இந்த வாரம் இடமே இல்லைங்க" என்றேன். இந்த வாரம் மட்டுமா? போன வருடம் ஒரு நாள் அவர், "விழித்திரை ஆபரேஷனெல்லாம் இனிமே சின்னவங்களுக்கே போடும்மா" என்றார். காரணம் சொல்லவில்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

வலது கண்ணில் கொசு. கையால் விரட்டினேன், போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கொசு இல்லை. தெரியும். "கண்ணில் கொசு பறந்தால் அன்றே வாருங்கள்" என்று வாசலில் ஒட்டியிருக்கிறதே, அந்த வாசகத்தை எழுதியதே நான்தான்.

வீட்டுக் கண்ணாடி முன் நின்று இடது கண்ணை மூடுகிறேன், திறக்கிறேன். இடது கண் ஆறு வயதிலிருந்தே பேருக்கு ஒரு கண். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணின் நடுவில் ஒரு தழும்பு. எதிரே நிற்பவருக்கு முகம் இருக்காது, தோள் மட்டும் இருக்கும். பிழைப்பு நடப்பதெல்லாம் வலது கண்ணில்.

அப்படியானால் ஏன் போகவில்லை? எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. நாளை நான் வாயைத் திறந்தால் பெரிய டாக்டர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். யொன்சுக், உன் கண்ணை நான்தான் செய்வேன் என்பார். அவர் அன்பாகச் சொல்லுவார், நான் தலையாட்டுவேன். அதனால் கொசுவோடு இருக்கிறேன். பைத்தியக்காரி.

மார்ச் 10, திங்கள்

இன்னும் நிறைய. மிளகுத் தூள் கொட்டியது போல. யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

குளிக்கும்போது கண்ணோரத்தில் மின்னல். கண்ணை மூடியும் மின்னல். பிறகு, மூக்குப் பக்கம், கீழேயிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஏறுவது போல ஒரு நிழல்.

காலையில் ஒரு நோயாளிக்கு நாற்காலியைக் காட்டப்போய்க் குப்பைத் தொட்டியைக் காட்டியிருக்கிறேன். ஆபரேஷன் அறை நர்ஸ் மிஹியாங் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனாள்.

"எத்தன நாளா?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்களே அக்கா! வாசல்ல ஒட்டி வெச்சிருக்கீங்களே, உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

டாக்டர் சொனு பார்த்தார். மேல் பக்கம் கிழிந்திருக்கிறது, விழித்திரை கழன்று இறங்குகிறது, நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டியிருக்கிறது என்றார். நடு கழன்றால்? நான் கேட்கவில்லை. எத்தனை குடும்பங்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்: ஒட்டவைத்தாலும் பழைய பார்வை முழுசாக வராது.

அதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். லென்ஸை என் கண் முன்னால் பிடித்தார். இமையில் இடித்தது. எடுத்தார். மறுபடி வைத்தார், மறுபடி இடித்தது.

"நாளைக்கு மத்தியானம். நானே செய்றேன்" என்றார். "பத்தொம்பது வருஷம் எங்கூட இருந்த பொண்ணு. வேற யாரு செய்வாங்க?"

"ரொம்ப நன்றிங்க டாக்டர்" என்று எழுந்து குனிந்து வணங்கினேன். குனியக் கூடாது என்று மிஹியாங் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். விலகிக்கொண்டிருக்கிற விழித்திரையோடு குனிந்து கும்பிடுகிறேன்! என்ன ஜென்மம் நான்.

அதே நாள், சாயங்காலம்

தங்கை ஹேரன் சுவோனிலிருந்து போன் செய்தாள். கத்தினாள் என்பதுதான் சரி.

"ஜின்ஜுல யாரு இருக்கா? கிளம்பி சியோலுக்கு வா. ஒரு ப்ரொஃபசர் பேரு வாங்கி வெச்சிருக்கேன். பெரிய ஆளு."

"அவருக்கு எப்ப இடம் இருக்காம்?"

"அது... வந்து கேட்டுக்கலாம்."

"பஸ்ல குலுங்கிக் குலுங்கி வந்தா மிச்சமும் வழியிலயே கழண்டுரும்டி."

"இருக்கிறதே ஒரு கண்ணு, அதையும் அங்கயே விட்டுட்டு நிக்கப் போறியா?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, உங்க பெரிய டாக்டர்தான செய்றாரு? அவரத்தான் நீ இத்தன வருஷமாத் தலையில தூக்கி வெச்சிட்டு ஆடுறியே. அப்புறம் என்ன பயம்?"

என்ன சொல்வது? அவர் கோப்பையை இரண்டு கையால் பிடிக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. என் அம்மா செத்தபோது மூன்று நாள் துக்கத்திலும் எங்களோடு உட்கார்ந்திருந்தவர். நான் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி என் மேல் ஃபைலை எறிந்தபோது, அந்த ஆளை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனவர். அந்த மனுஷரிடம் போய் உங்கள் கை வேண்டாம் என்பதா?

டாக்டர் பியோ இருந்தாலாவது வேறு சாக்குச் சொல்லலாம். அவர் மாநாட்டுக்காக வெளிநாட்டில்.

பயமாக இருக்கிறது. நிழல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த எழுத்தின் கீழ்ப்பாதி எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அந்தக் கை என் கண்ணுக்குள் போகும்போது — வேண்டாம். நிறுத்துகிறேன்.

மார்ச் 12, புதன், காலை

சொல்லிவிட்டேன்.

கதவைத் தட்டி உள்ளே போனேன். "சாப்பிட்டியா?" என்றார். "சொனு டாக்டர் செய்யட்டும் டாக்டர்" என்றேன். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன முன்னுரையெல்லாம் எங்கே போயிற்றோ.

"ஏன்?"

"நீங்க செஞ்சா எனக்குக் கூச்சமா இருக்கும்."

"பேஷண்டுங்களுக்குச் சொல்ற சாக்கெல்லாம் எங்கிட்டச் சொல்லாத."

"எனக்குப் பயமா இருக்கு டாக்டர். இருக்கிறது ஒண்ணுதான்."

"என்னப் பாத்தா பயமா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். கோபமா? அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பார்த்திருந்தாலும் பாதிதான் தெரிந்திருக்கும்.

"போ" என்றார். "தலைய ஆட்டாம நட."

மத்தியானம்தான் ஆபரேஷன். இப்போது இரண்டு பயம்: கண் போய்விடும் என்று ஒன்று, அவர் இனி என் முகத்தில் முழிக்க மாட்டார் என்று ஒன்று.

மார்ச் 13, வியாழன்

குப்புறப் படுத்து எழுதுகிறேன். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். குளிருக்குச் சூடேற்றிய வீட்டுத் தரை, நெற்றிக்கு மடித்த தலையணை. இடது கண்ணுக்கு மூக்கு தாளில் உரசும் தூரம் என்றால் எழுத்து தெரிகிறது. இப்படி ஒரு உபயோகம் அதற்கு.

நேற்று: மேசையில் படுக்கவைத்து முகத்தில் துணி போட்டார்கள். மரத்துப்போக ஊசி, ஆனால் முழித்துத்தான் இருந்தேன். டாக்டர் சொனுவின் குரல் காதுக்குப் பின்னால் கேட்டது. "என் பலகையில நாலே வரின்னு பயமா மேனேஜரம்மா?"

"பயம்தாங்க."

"எனக்கும்தான். தலைய மட்டும் ஆட்டாதீங்க."

பிறகு அவர் பேசவே இல்லை. எனக்கு உள்ளே தெரிந்தது. வெளிச்சம், அதில் கம்பி மாதிரி ஏதோ கறுப்பாக நீந்துகிறது. என் கண்ணுக்குள் நடப்பதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திவிடுவேன், கத்தினால் தலை ஆடும், ஆடினால் எல்லாம் போச்சு, இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது துணிக்கு அடியில் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. மிஹியாங் என்று நினைத்தேன். ஆனால் அவள் எதையோ எடுத்துக் கொடுக்கும் சத்தம் தலைமாட்டில் கேட்டது. இது பெரிய கை. உலர்ந்த கை. நடுங்கிக்கொண்டிருந்தது. நான்தான் நடுங்குகிறேன் என்று எண்ணி, என் கையை இறுக்கி அசையாமல் வைத்துப் பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை.

எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்று அவருக்கும் புரிந்திருக்கும். இருந்தும் அவர் கையை எடுக்கவில்லை, கடைசித் தையல் வரை.

மார்ச் 14, வெள்ளி

கழுத்து ஒடிகிறது. ஹேரன் வந்துவிட்டாள். சிப்பிக் கஞ்சியை உறிஞ்சுகுழாயில் குடிக்கிறேன். "சியோல் ப்ரொஃபசர்னா மல்லாக்கப் படுக்க வெச்சிருப்பாரு" என்கிறாள். சிரிக்கவைக்காதே என்று கெஞ்சினேன்.

மார்ச் 16, ஞாயிறு

வலது கண்ணில் வெளிச்சம் மட்டும். பனிமூட்டம். வாயு இருக்கும்வரை இப்படித்தான் என்று நான் எத்தனை பேருக்கு அடித்துச் சொல்லியிருப்பேன்! இப்போது எனக்கே நம்பிக்கை இல்லை. ஒட்டாவிட்டால்? ஒட்டி மறுபடி கழன்றால்? ஹேரன் குளியலறையில் இருக்கும்போது தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன். பிறகு, அழலாமா கூடாதா என்று யாரிடமும் கேட்கவில்லையே என்று அதற்கு வேறு பயந்தேன்.

மார்ச் 20, வியாழன்

மேலே ஒரு கீற்று தெரிகிறது! வாயுக் குமிழி சுருங்கி அதன் விளிம்பு கீழே இறங்கியிருக்கிறது. அதற்கு மேலே ஜன்னல் சட்டம். ஹேரனின் தலைமுடி. அவளுக்கு நரைத்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

டாக்டர் சொனு ஒட்டியிருக்கிறது என்றார். இன்னும் சில வாரம் ஆபத்து உண்டு என்றும் சொன்னார், ஒளிக்காமல். பெரிய டாக்டர் அறைக் கதவு மூடியிருந்தது. நான் தட்டவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் எதிரே வந்து தலையசைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வாரோ என்றுகூட நினைத்தேன்.

பதினோரு மணிவாக்கில் சன்சொங்கிலிருந்து ஒரு கிழவர், மகளோடு. விழித்திரை கழன்றிருக்கிறது. "பாங் டாக்டர் கையால செய்றதுன்னா செய்யி, இல்லன்னா ஊருக்குப் போறேன்" என்று நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார். இந்த வாரம் அவருக்கு இடமில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

பெரிய டாக்டர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கிழவர் முன்னால் போய்க் குந்தினார்.

"ஐயா, என் கை நடுங்குது. இந்தா பாருங்க." காத்திருப்பவர்கள் அத்தனை பேர் நடுவில் கையை நீட்டினார். அது நடுங்கியது. "சொனு டாக்டர் செய்வாங்க. நான் பக்கத்துல உக்காந்து உங்க கையப் பிடிச்சிக்கிறேன்."

"நீ பிடிச்சு எனக்கு என்ன ஆகப்போவுது? நீ என்ன என் பொண்டாட்டியா?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். மிஹியாங் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும் கிழவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டார். "எப்பலேர்ந்து இப்பிடி, டாக்டரே?" என்றார், மெதுவாக.

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க. சொல்லத்தான் தைரியம் வரல."

என்னிடம் ஒருநாளும் சொல்லாததை முன்பின் தெரியாத சன்சொங் கிழவரிடம் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. கிழவரின் பெயரை டாக்டர் சொனுவின் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டேன்.