சித்தப்பாவுக்காக இறங்கிய லைட்

அன்பு மகன் தமிழ்வேந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் காரும் சுகம். அங்கே நீயும் ஹேமலதாவும் என் தங்கம் பூர்ணிமாவும் குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். பூர்ணிமா பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பாஷையில் பேசிக் கைத்தட்டல் வாங்கிய வீடியோவைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டேன், ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் பேச்சில் அப்படியே ஆயாதான் என்றார்கள், நானும் ஆமாம் என்றேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. உன் சிநேகிதன் தபரேஸ் ஷூ கம்பெனி வேலையாக உங்கள் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உன் கார் லைட்டைப் பற்றியது. சாயங்கால ஷிப்டுக்கு ஆம்பூர் தோல் கம்பெனிக்குப் போகும்போது எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று அப்பா சொன்னதும், எதிரில் வண்டி வந்தால் தானே பார்த்து அடங்கிக்கொள்ளும் லைட் வைத்த காராகத் தேடி வாங்கிக் கொடுத்தாய். பெரிய படிப்புப் படித்த பிள்ளையே, கூசியது உன் அப்பா கண், நீ காப்பாற்றியது எதிரில் வருகிறவன் கண். அன்றைக்கே சொல்லியிருப்பேன், அவர் சீட்டைத் தடவிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். லைட் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, எதிர் வண்டி இருக்கிற இடத்தை மட்டும் இருட்டாக்கி ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பளிச்சென்று காட்டுகிறது. ஆனால் நம் ஒடுகத்தூர் ரோட்டில் லைட்டை இறக்குவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ஏரி வளைவில் ஒரு வண்டிதான் தாராளமாகப் போகலாம். முதலில் இறக்குகிறவன் நீ போ என்று வழி விடுகிறவன், அதனால் ஒருவனும் முதலில் இறக்க மாட்டான். அதிலும் உன் அப்பாவும் பாண்டியன் சித்தப்பாவும் கேட்கவே வேண்டாம். சித்தப்பா மகள் பாக்யலட்சுமி கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேரைக் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டதிலிருந்து பேச்சு இல்லை. சித்தப்பா ஷூ கம்பெனிப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்புகிற நேரமும் இவர் ஷிப்டுக்குப் போகிற நேரமும் ஒன்று. அண்ணனும் தம்பியும் தினமும் முகத்துக்கு முகம் முழு வெளிச்சத்தை அடித்து, உரசிக்கொண்டு போவார்கள்.

புதுக் கார் வந்ததிலிருந்து அந்த வளைவில் லைட் தானாக அடங்கியிருக்கிறது. அப்பாவோ வேனைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவர், அதைக் கவனித்தால்தானே. வேனில் முன் சீட்டில் வருகிற நம் தெரு ஜாஸ்மின்தான் வந்து சொன்னாள். சித்தப்பா முதல் நாள் அண்ணன் கை தவறி ஸ்விட்சில் பட்டிருக்கும் என்றாராம். மறுநாளும் அப்படியே ஆனதும் வேனை மெதுவாக்கித் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். அப்புறம் ஒரு நாள், "எங்கண்ணன் என் கண்ணுல படாம ஓரத்த மட்டும் காட்றாரு பாரு, நான் பள்ளத்துல எறங்கிடக் கூடாதுன்னு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை பச்சை வேர்க்கடலையோடு வாசலில் வந்து நின்றார். "அண்ணா, சின்னவன் நான்தான் மொதல்ல எறக்கியிருக்கணும், நீ எறக்கிட்ட" என்றார். உன் அப்பா விழித்தார், பிறகு புரிந்துபோய், அது கார் தானாகவே என்று ஆரம்பித்தார். நான் காபி டம்ளரை அவர் கையில் திணித்து ஆறிப்போகிறது குடியுங்கள் என்றேன். நாக்கைச் சுட்டுக்கொண்டார், பேச்சும் நின்றது. அன்று மதியம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதோடு சரி என்று நினைத்தேன். செய்யாத மரியாதைக்குத் தம்பியிடம் நல்ல பேர் வாங்கிவிட்டோமே என்று உன் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு தபரேஸைக் கூப்பிட்டு, லைட் தானாக அடங்குவதை நிறுத்தும் பட்டன் எது என்று கேட்டிருக்கிறார். அவன் என்னிடம் வந்து, "இன்னாம்மா, தமிழு தேடித் தேடி வாங்கினத ஆப் பண்ணச் சொல்றாரு" என்று தலையைச் சொறிந்தான். வெள்ளிக்கிழமை நானும் காரில் போனேன். வளைவில் வேன் தெரிந்ததும் உன் அப்பா தன் கையாலேயே லைட்டை இறக்கினார், அதே நேரம் சித்தப்பாவும் இறக்கினார். இவரும் ஓரம் கட்டினார், அவரும் ஓரம் கட்டினார், இரண்டு பேரும் நகரவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், வேனில் பெண்கள் சிரிக்கிறார்கள். நான் போங்களேன் என்றால், "தம்பி மொதல்ல போகட்டும்" என்று ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்து சித்தப்பாவுக்குக் கார் பெருமையெல்லாம் விளக்கிச் சொல்வேன் என்றாயே, அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். சீட்டைச் சொல், பாட்டுப் பெட்டியைச் சொல், லைட்டை மட்டும் தொடாதே. தெரிந்தால் அந்த மனுஷன் தான் அழுததற்கே வெட்கப்பட்டு மறுபடி கதவைச் சாத்திக்கொள்வார். பட்டனை அமுக்கி அதை நிறுத்தியதற்கு அப்பாவையும் திட்டாதே. கண்ணை டாக்டரிடம் காட்ட சித்தப்பாவே வேலூருக்குக் கூட்டிப் போகிறார், நான் இத்தனை நாள் சொன்னதற்கு மசியாதவர், தம்பி ஒரு வார்த்தை சொன்னதும் சட்டை மாட்டிக்கொண்டார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க மாரியம்மன் காப்பாள். பூர்ணிமாவுக்கு ஆயா முத்தம். படித்ததும் இதைக் கிழித்துப் போடு, நீ சட்டைப் பையில் மறந்து வைத்து ஊருக்கே எடுத்துக்கொண்டு வருகிற ஆள்.

இப்படிக்கு உன் அம்மா,
கோ. ரங்கம்மாள்