வரேன்

மந்தைவெளி
ஜூலை 9, 2025

மாமாவுக்கு,

இங்கே யாரும் நலமில்லை. அதனால் நலம் விசாரிக்கிற பேச்சே வேண்டாம். கட்டிய மனைவி போனில் கூப்பிட்டால் குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்து என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா? படியுங்கள்.

போன வாரம் அத்தையோடு பேசி முடிக்கும்போது "சரிம்மா, வரேன்" என்று சொல்லி வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? போனை வைக்கிறேன் என்பதற்காகச் சொன்னீர்கள். அத்தையோ மகன் ஊருக்கு வருகிறான் என்று எடுத்துக்கொண்டார். கண்ணில் அழுத்தம் ஏறி, நேற்று ஆபரேஷன் என்று குறித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "எம் புள்ள வரேன்னு சொல்லிக்கீறான். அவன் வந்து கைய புட்சிக்கினாத்தான் உள்ள போவேன்." மீன்காரத் தேசம்மாவிடம் வஞ்சிரம் வேறு சொல்லி வைத்திருக்கிறார்.

நான் எடுத்துச் சொன்னால், "ஒனக்கு அவன் வர்றது புடிக்கலயா?" என்று என்மீது பாய்கிறார். தள்ளிப்போட்டால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்று, வாருங்கள். இல்லையென்றால் வரமாட்டேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லித் தொலையுங்கள். அவருக்கு அது ஒன்றுதான் புரியும்.

அன்பு


மியூனிக்
ஜூலை 21, 2025

அன்புள்ள அன்புவுக்கு,

கோபப்படாதே. அம்மாவிடம் வரமாட்டேன் என்று எந்த மனசோடு சொல்வேன்?

எங்கள் குவாண்டம் கம்ப்யூட்டரின் புதிய சிப்பை இப்போதுதான் குளிர்பெட்டிக்குள் இறக்கியிருக்கிறோம். நடுவில் விட்டுவிட்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நல்ல க்யூபிட்டைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கில் மற்றவை காவல் நிற்க வேண்டும். காவல் நிற்பதே தப்புச் செய்கிறது, அதுதான் சிக்கல். "பத்து வருஷமா இன்னும் பத்து வருஷம்னு சொல்லிக்கினு கீறீங்க" என்று நீ கேலி செய்தாயே, செய்துகொள். இந்தத் தடவை தப்புகள் குறைகின்றன. என் கண்ணால் பார்த்தேன்.

க்யூபிட் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டாய். ஒரே நேரத்தில் பூஜ்யமாகவும் ஒன்றாகவும் இருக்கிற கணக்குத் துணுக்கு அது. அம்மா கதையே நல்ல உதாரணம். நம்ம "வரேன்" இருக்கிறதே, கிளம்புகிறவனும் அதைத்தான் சொல்கிறான், வருகிறவனும் அதைத்தான் சொல்கிறான். அளந்து பார்க்கிற வரைக்கும் அது இரண்டுமாகவே இருக்கும். சிரிப்பு வந்ததா இல்லையா?

இந்தச் சோதனை முடியட்டும். அதுவரை அம்மாவைச் சமாளி. சரி, வரேன்.

ரகு


மந்தைவெளி
செப்டம்பர் 2, 2025

ரகுபதிக்கு,

சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

நீங்கள் சமாளிக்கச் சொன்னீர்கள். உங்கள் அம்மாவின் வலது கண் போய்விட்டது. ஒருநாள் காலையில் காபி டம்ளரை எடுக்கப் போனவர் வெறும் காற்றைப் பிடித்தார். இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்று, "அவரு நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துர்றாராம்" என்று நானே பொய் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். என்னைப் பொய்க்காரியாக்கியதற்கும் சேர்த்து உங்கள்மேல் எனக்கு ஆத்திரம்.

ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டியிருந்தார்கள். என் கையைத் தடவிப் பார்த்து, "நைனா, வந்துட்டியா?" என்றார். நான் அந்தக் கையை விடவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்தார். சுற்றும்முற்றும் யாரையும் தேடவில்லை. "வூட்டுக்குப் போலாம் மே" என்றார். அதற்குப் பிறகு உங்கள் பேரை எடுக்கவேயில்லை. தேசம்மா வஞ்சிரம் கொண்டுவந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

உங்கள் வேலையை நான் மட்டம் தட்டவில்லை. அந்த மெஷின் இன்னும் பத்து வருஷம் எடுத்துக்கொள்ளட்டும், ஐம்பதும் எடுத்துக்கொள்ளட்டும். அதற்குக் காத்திருக்க ஊர் உலகத்தில் ஆள் இருக்கிறது. உங்கள் அம்மா பாஞ்சாலியின் கண்ணுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அளந்து பார்க்கும் வரைக்கும் இரண்டும் என்று எழுதினீர்கள் இல்லையா? நான் அளந்துவிட்டேன். உங்களுடையது கிளம்பிப் போனவன் சொன்ன "வரேன்".

இந்த வீட்டைக் காலி செய்கிறோம். அடையாறில், என் ஆபீசுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தாயிற்று. அத்தை என்னோடுதான் இருப்பார். அவர் கேட்டுத்தான் இந்த முடிவு. அவரோடு பேச வேண்டுமென்றால் போன் செய்யுங்கள், தடுக்கமாட்டேன். வைக்கும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் இங்கே வந்து கதவைத் தட்டினால், வேறு யாரோ திறப்பார்கள்.

நான் போறேன்.

அன்புச்செல்வி